ஹார்னுக்குத் திரும்பாதவர்

ஒரு மனிதர் என் உயிரைக் காப்பாற்றினார் என்று எட்டு மாதம் நம்பிக்கொண்டிருந்தேன். நம்பியதோடு நின்றிருந்தாலாவது பரவாயில்லை. கடைக்கு வந்தவர், போனவர் எல்லோரிடமும் சொன்னேன். மிளகாய் வாங்க வந்தவர்களுக்கு மிளகாய் பாதி, அவர் புகழ் பாதி என்று பொட்டலம் கட்டினேன். ஒருநாள் மாமா தாங்கமாட்டாமல், "ஏலே, அந்தாளுக்கு ஒரு கோயிலக் கட்டிட்டு அங்கேயே பூசாரியா இருந்துக்கோ. இங்க யாவாரத்தப் பாக்க விடு" என்றார். கோயிலுக்கு இடம் பார்ப்பதற்குள் எட்டு மாதம் முடிந்துவிட்டது.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. நாங்கள் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை, அண்ணாத்தே என்போம். திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையில் பிட்டர். என்னைவிட மூன்றே வயது மூத்தவர். சைக்கிளில் ஏறி உட்கார்ந்துவிட்டால் மட்டும் ஏதோ ஜில்லாவையே ஆள்பவர்போல இருப்பார். முதுகு வளையாது. தலை ஆடாது. கால்கள் மட்டும் கீழே தனியாக வேறு யாருடையதோபோல் சுற்றிக்கொண்டிருக்கும்.

அவரைப்பற்றி ஒரே ஒரு விஷயம் தெரிந்தால் போதும், முழு ஆளும் தெரிந்ததுபோல. பின்னால் மோட்டார் ஹார்ன் அடித்தால் அவர் திரும்பமாட்டார். ஒதுங்கமாட்டார். மிதிப்பதை நிறுத்துவார். இடது கையைக் கைப்பிடியிலிருந்து எடுத்து, பின்னால் கொண்டுபோய், நிதானமாக முதுகைச் சொறிவார். ஹார்ன் எவ்வளவு நீளமோ சொறிதலும் அவ்வளவு நீளம்.

நான் இதற்கு நேர் எதிர். சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் இருக்கும், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ராயபுரத்துக்கு மாமாவின் மளிகை மண்டிக்கு வேலைக்கு வந்தேன். தினமும் சைக்கிளில் எண்ணூர் வரை போய், வழியில் உள்ள சில்லறைக் கடைகளில் யாருக்கு எவ்வளவு பருப்பு, யாருக்கு எவ்வளவு வெல்லம் என்று எழுதிக்கொண்டு வரவேண்டும். எங்கள் ஊரில் இருந்த மோட்டார் ஒன்றே ஒன்று. அதுவும் ஓடாது, கோழி அடையும். ஆகவே ஹார்ன் என்ற சத்தம் எனக்குப் புதிது. அது கேட்டதும் என் சைக்கிள் தானாக இடதுபக்கம் திரும்பிவிடும். இடதுபக்கம் சாக்கடை. வந்த முதல் மாதத்திலேயே திருவொற்றியூர் நெடுஞ்சாலைச் சாக்கடைகளின் ஆழ அகலங்களைக் கார்ப்பரேஷன் ஓவர்சியரைவிட நான் நன்றாக அறிந்திருந்தேன்.

மூன்றாவதோ நான்காவதோ முறை நான் உள்ளே இருந்தபோது மேலிருந்து ஒரு குரல் கேட்டது.

"இன்னாபா, டெய்லி இங்கதான் குளிக்கறியா?"

"லாரி வந்துச்சு. ஹார்ன் அடிச்சான்லா" என்றேன்.

"அடிச்சா? அவன் கை, அவன் ஹார்னு, அடிக்கறான். நீ இன்னாத்துக்கு வுயற?"

அண்ணாத்தே நீட்டிய கையைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினேன்.

காலையில் சங்கு ஊதுவதற்கு முன்னால் தொழிற்சாலைக்குப் போகும் சைக்கிள்கள் தண்டையார்பேட்டைப் பக்கம் வந்து ஒன்றாகச் சேரும். முப்பது, நாற்பது இருக்கும். தனித்தனியாகப் போனால் லாரிக்காரன் ஓரத்துக்குத் தள்ளிவிடுவான் என்று அண்ணாத்தேதான் இந்தக் கூட்டத்தைச் சேர்த்தாராம். ரோட்டை அடைத்துக்கொண்டு வரிசைவரிசையாகப் போவோம். நடுவில் முதலாவதாக அவர். அவரை யாரும் தாண்டக்கூடாது. நான் தொழிற்சாலை ஆள் இல்லை என்றாலும், சாக்கடையில் கண்டெடுத்தவன் என்ற உரிமையில் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். பருப்பு நோட்டைக் கேரியரில் செருகிக்கொண்டு கடைசி வரிசையில் போவேன்.

அவர் சைக்கிளில் மணி கிடையாது, கழற்றி எறிந்துவிட்டார். "பெல் அடிக்கறவன் வயி கேக்கறான். ரோடு எனுக்கும்தான். நான் யாரை இன்னாத்துக்கு கேக்கணும்?" என்பார். "பெட்ரோல் குடிக்கறவனுக்கு ஒரு ரோடு, சோறு துன்றவனுக்கு ஒரு ரோடா?" என்பார். இந்த வாசகத்தை மட்டும் ஒருநாளைக்கு இரண்டு தடவையாவது சொல்வார். சொல்லும்போதெல்லாம் அன்றுதான் தோன்றியதுபோலச் சொல்வார்.

எதிர்க்காற்று வீசும் நாட்களில், மெதுவாகப் போகும் லாரியின் பின்சங்கிலியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மிதிக்காமலே போவது அந்த ரோட்டுச் சைக்கிள்காரர்களின் வழக்கம். அண்ணாத்தே கூட்டத்தில் அது கூடாது. ஒருவன் பிடித்துவிட்டான். அன்று முழுக்க அவனோடு பேசவில்லை. மறுநாள், "எதிரி வால புட்சிகினு ஊர்வலம் போறியே, வெக்கமா இல்ல?" என்று ஒரு வார்த்தைதான் கேட்டார். அவன் அழுதேவிட்டான். நான் பக்கத்தில் நின்றேன். நான் சங்கிலி பிடித்ததே இல்லை, பயத்தால்; ஆனால் கொள்கையால் பிடிக்காதவன்போல முகத்தை வைத்துக்கொண்டேன்.

ரயில்வே கேட்டில் நடந்ததைச் சொன்னால்தான் அந்த மனிதர் எவ்வளவு பெரியவராக எனக்குத் தெரிந்தார் என்பது விளங்கும். கூட்ஸ் வண்டிக்காகக் கேட்டை மூடியிருந்தார்கள். எங்கள் கூட்டம் முன்னால். பின்னால் ஒரு கறுப்புக் கார் வந்து ஒட்டி நின்றது. உள்ளே தொப்பி வைத்த துரை ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேட் திறந்தது. நாங்கள் நகருமுன் கார் டிரைவர் தலையை வெளியே நீட்டினான்.

"தள்ளுங்கடா ஓரமா! தொரைக்கு டைம் ஆச்சு!"

அண்ணாத்தே சைக்கிளைவிட்டு இறங்கி ஸ்டாண்ட் போட்டார். நாற்பது ஸ்டாண்டும் விழுந்தன. என்னுடையது மட்டும் இரண்டு தடவை நழுவி மூன்றாவது தடவை விழுந்தது.

"எங்களுக்கும்தான் டைம் ஆச்சு" என்றார், திரும்பாமலே. "தொர லேட்டா போனா யாரு கேப்பா? நாங்க லேட்டா போனா பேக்டரி கேட்ட சாத்திருவான். அரை நாள் பூடும். தொரைய வேணா எறங்கி வந்து என் கேரியர்ல குந்த சொல்லு. நான் இட்டுகினு போறேன்."

அப்போது ஒரு சைக்கிள் மணி கிணுகிணுவென்று விடாமல் அடிக்க ஆரம்பித்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். என்னுடையதுதான். நான் அடிக்கவில்லை, கை நடுங்கியது, அது அடித்தது.

"யாருப்பா அது, பூஜை பண்றது?" என்றார் அண்ணாத்தே. நாற்பது பேரும் சிரித்தார்கள். காருக்குள் துரைகூட எதற்கென்று தெரியாமல் சிரித்ததாக நினைவு. நாங்கள் போனபிறகுதான் கார் போனது. இவருக்குப் பின்னால் போனால் எமனும் ஓரமாகத்தான் வரவேண்டும் என்று நான் முடிவு செய்தது அன்றுதான்.

அந்த ரோட்டில் அவருக்கு நிரந்தர எதிரி ஒருவர் உண்டு. எண்ணூருக்கு ரொட்டி கொண்டுபோகும் மஞ்சள் வண்டியின் டிரைவர். வயதானவர்; ரோட்டில் எல்லோரும் நைனா என்பார்கள். தினமும் எங்களுக்குப் பின்னால் மாட்டிக்கொள்வார்.

"டேய் கஸ்மாலம், வயி வுட்றா! ரொட்டி ஆறிப் போவுது!"

"ஆறினா இன்னா நைனா? வெயில்ல காய வெய்யி, வறுக்கின்னு வித்துரலாம்!"

"உன் மண்ட மேல வெச்சு சுட்டுக்கறேன்டா, சூடா கீதே!"

எங்களுக்கு இது காலைப் பலகாரம்போல. இரண்டு பேருக்கும் பரம்பரைப் பகை என்று நினைத்தேன். ஒருமுறை டீக்கடை வாசலில் ஆளில்லாமல் நின்ற ஒரு லாரியின் முன்பக்கத்தை அண்ணாத்தே உள்ளங்கையால் தடவிக்கொண்டு நிற்பதைப் பார்த்தேன். பசுவைத் தடவுவதுபோல. என்னைப் பார்த்ததும் கையை எடுத்துக்கொண்டு, "சூடு கீதான்னு பாத்தேன்" என்றார். எதிரியின் பலத்தை எடைபோடுகிறார் என்று நான் புரிந்துகொண்டேன். என் அறிவு அப்படி.

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஞாயிறுகளில் கூட்டம் கிடையாது, நானும் போவதில்லை. எண்ணூர்க் கடைக்காரர் ஒருவர் வீட்டில் நிச்சயதார்த்தம், உடனே ஆர்டர் எடுத்து வா என்று மாமா விடியற்காலையில் விரட்டினார். திருவொற்றியூர் தாண்டியதும் ரோட்டில் நான் ஒருவன்தான். வலப்பக்கம் கடல், ரோடெல்லாம் மணல். தனியாகப் போகும்போது நான் ஓரமாகத்தான் போவேன். அன்று என்னவோ திமிர். பார்க்க ஆளில்லாத ரோட்டில் வீரம் காட்டுவது சுலபம். நட்டநடு ரோட்டில் முதுகை நிமிர்த்திக்கொண்டு போனேன்.

பின்னால் ஹார்ன் கேட்டது. சைக்கிள் இடதுபக்கம் இழுத்தது. நான் விடவில்லை. மறுபடி ஹார்ன். மிதிப்பதை நிறுத்தினேன். இடது கையை எடுத்து, பின்னால் கொண்டுபோய், அவரைப் போலவே, நிதானமாக முதுகைச் சொறிந்தேன். வாழ்க்கையில் அவ்வளவு பெருமையாக நான் இருந்ததில்லை.

மூன்றாவது ஹார்ன் கேட்கவில்லை. அதற்குள் நான் மணலில் கிடந்தேன். வலது முழங்கால் எந்தப் பக்கம் மடங்கக்கூடாதோ அந்தப் பக்கம் மடங்கியிருந்தது. அதைப் பார்த்துவிட்டு, இது வேறு யாருடைய கால் என்றுதான் முதலில் யோசித்தேன். பிறகு கத்தினேன். கடலே ஒருமுறை நின்று கேட்டிருக்கும். கண்ணை மூடிக் கத்திவிட்டுத் திறந்தால் எனக்கு மேலே அவர் முகம்.

"பயப்படாத மாமு, நான் கீறேன்."

எங்கிருந்து வந்தார்? நான் கேட்கவில்லை. கடவுளிடம் யாராவது வந்த வழி கேட்பார்களா? தள்ளி மஞ்சள் ரொட்டி வண்டி நின்றிருந்தது. ஸ்டியரிங்குக்கு முன்னால் நைனா வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார். அண்ணாத்தே தன் சட்டையைக் கழற்றி என் காலைக் கட்டினார். என்னைத் தூக்கி அதே வண்டியில், ரொட்டித் தட்டுகளுக்கு நடுவில் கிடத்தி, சர்க்கார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார். வழிநெடுக என் கையை விடவில்லை. பின்னாலேயே சைக்கிளில் வந்துகொண்டிருந்ததாகவும், மோதியதைக் கண்ணால் பார்த்ததாகவும் சொன்னார்.

மறுநாள் மத்தியானம் கான்ஸ்டபிள் வாக்குமூலம் எழுத வந்தார். மாமா மண்டிக்குப் போயிருந்தார். போகும்போதே, "அந்த ரொட்டிக்காரன் மேல கேசு போடாம விடமாட்டேம்லே. ஒன் கால் நாளைக்கு மடங்கலன்னா யாருலே பதில் சொல்லுவா?" என்று சொல்லியிருந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் அண்ணாத்தே இருந்தார்.

"யாராச்சும் மோதினாங்களா, தானா வுயுந்தியா?" என்றார் கான்ஸ்டபிள், பென்சிலை நக்கிக்கொண்டே.

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணாத்தே என் காதருகே குனிந்தார்.

"உன் சைக்கிளுக்கு பில்லை கட்டிட்டியா?"

அந்நாளில் சைக்கிளுக்கு வருஷாவருஷம் கார்ப்பரேஷனில் லைசென்ஸ் கட்டி, ஒரு தகரப் பில்லை வாங்கி மாட்டவேண்டும். என் சைக்கிளில் தொங்கியது போன வருஷத்துப் பில்லை.

"கேசுன்னு போனா கோர்ட்ல மொதல்ல பில்லையத்தான் கேப்பான். அதான் பேஜாரு. நடு ரோட்ல, ஒத்தக் கையில வந்தேன்னு வேற ஆவும். உள்ள தள்ளிட்டான்னா? இந்தக் காலோட?" பிறகு இன்னும் தாழ்ந்த குரலில், "நைனாவும் பாவம்பா. வயசானவன். வேல பூட்டா யாரு குடுப்பா?"

தினமும் திட்டிக்கொள்ளும் எதிரிக்காக இவர் கெஞ்சுகிறார்! எனக்குக் கண் கலங்கிவிட்டது. அது ஒரு பக்கம். உண்மையைச் சொல்லவேண்டுமென்றால் மறுபக்கம்தான் பெரிது. மாவுக்கட்டுப் போட்ட காலோடு, கழுத்தில் போன வருஷத்துப் பில்லையைத் தொங்கவிட்டு, என்னை ஜெயிலுக்கு நடத்திப்போகிறார்கள். எங்கள் ஊர் ஜனமெல்லாம் இரண்டு பக்கமும் நின்று பார்க்கிறது. இந்தக் காட்சி அப்படியே தெரிந்தது. முழங்கால் உடைந்தவனுக்கு முழங்காலைப்பற்றிக் கவலை இல்லை, தகரத்தைப்பற்றிக் கவலை.

"மணல் சறுக்கிச்சு, நானே விழுந்துட்டேன்" என்றேன். எழுதியதன் கீழே கையெழுத்தும் போட்டேன். கால்தான் உடைந்திருந்ததே தவிரக் கையெழுத்து அழகாகத்தான் வந்தது.

சாயங்காலம் வந்த மாமா தலையில் அடித்துக்கொண்டார். "பில்லைக்காடா? பில்லைக்கு எவனாச்சும் ஜெயில்ல போடுவானாலே? ஏதோ அபராதம்னு கட்டிட்டு வந்திருக்கலாமேலே!" அதற்குள் காகிதம் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்விட்டது.

மாவுக்கட்டைப் பிரித்தபோது கால் மடங்கவில்லை. இன்றுவரை மடங்கவில்லை. கல்யாணப் பந்தியில் நான் ஓரமாக உட்கார்ந்து காலை நீட்டியிருப்பேன். சாம்பார் வாளியோடு வருகிறவர்கள் தாண்டிக்குதித்துப் போவார்கள். சைக்கிள் மிதிப்பது முடிந்துபோனது. ஆர்டர் எடுக்க வேறு ஆள் வந்தான். மாமா என்னைக் கல்லாவுக்குப் பக்கத்தில் தராசோடு உட்காரவைத்தார்.

அண்ணாத்தே வாராவாரம் வந்தார். வளைந்துபோன என் சைக்கிளை அவரே நிமிர்த்திக் கொண்டுவந்து நிறுத்தினார். மடங்காத காலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து ஒருநாள் குலுங்கிக் குலுங்கி அழுதார். நான்தான் தேற்றினேன். "நீங்க இல்லன்னா நான் அன்னைக்கே போயிருப்பேன் அண்ணாத்தே" என்றேன். அதற்கு அவர் இன்னும் அதிகமாக அழுதார். என்ன மனசு என்று வியந்தேன்.

சில மாதத்தில் அவர் தொழிற்சாலையை விட்டுவிட்டு லாரி டிரைவராகிவிட்டார் என்று தெரிந்தது. நம்பமுடியாமல் கேட்டேன்.

"உன்ன அந்த நெலமைல பாத்த கண்ணால சைக்கிளப் பாக்க முடியல மாமு" என்றார் தலையைக் குனிந்தபடி. "ஒரு லாரியாச்சும் ஒயுங்கா ஓடட்டும்னுதான் நானே ஏறிட்டேன்."

எனக்காகச் சைக்கிளையே துறந்துவிட்டார்! இதையும் புகழில் சேர்த்துக்கொண்டேன். மிளகாய் வாங்க வந்தவர்கள் அதையும் கேட்டார்கள். காலைக் கூட்டம் கலைந்துவிட்டதென்றும், தனித்தனியாக ஓரத்தில்தான் போகிறார்கள் என்றும் ஒருவர் சொன்னார். தலைவனின் துக்கம் என்று விளக்கினேன்.

ஒருநாள் மத்தியானம் நைனா கடைக்கு வந்தார். ரொட்டி வண்டியை விட்டாயிற்று, மகள் வீட்டோடு போகிறேன், வழிக்கு வேண்டியதைக் கட்டு என்றார். என் காலைப் பார்த்தார். பார்வையைத் திருப்பிக்கொண்டார். எனக்குள் பெருந்தன்மை பொங்கிற்று.

"மனசுல வெச்சுக்காதீங்க நைனா. நான் உங்கள மன்னிச்சு எத்தனையோ நாளாச்சு."

நைனா விழித்தார். "என்னியா? என்ன இன்னாத்துக்குபா மன்னிக்கற?"

"மோதுனதுக்குத்தான்."

"நான் எங்க மோதினேன்? அவன்தானே ஓட்னான். தெரிஞ்சிகினுதானே நீ கேசு வேணான்னுட்ட? 'அவன் பெரிய மனுசன் நைனா, என் கைய புட்சிகினு, போவட்டும் வுடு அண்ணாத்தேன்னுட்டான்'னு அவன் சொன்னானே!"

தராசில் பருப்பு கொட்டிக்கொண்டே இருந்தது. ஒரு முட்டாள் முகத்தை அந்த இடத்தில் காட்ட எனக்கு மனமில்லை. நாற்பது பேர் கேட்கும்படி சிரித்தேன்.

"தெரியாமலா நைனா? சும்மா உங்களச் சீண்டினேன்."

"அதான பாத்தேன்" என்று அவரும் சிரித்தார். எனக்கு எல்லாம் தெரியும் என்ற தைரியத்தில் மேலே பேசினார். "ஒரு வருசமா ஞாயித்துக்கெயம ஞாயித்துக்கெயம வந்து கத்துகினு இருந்தான். ரோட்ல திட்டிக்கறதெல்லாம் சும்மா. அவன் எங்க தெருப் பையன். சைக்கிள மிதிச்சு மிதிச்சு முட்டி தேஞ்சிருச்சு நைனா, ஒரு வண்டில குந்தினாத்தான் கௌரவம்னு அழுவான். சரி, கத்துக்கோன்னேன். ஆனா அன்னிக்கு அவன் ஒண்ணு செஞ்சாம்பா. அது மட்டும் எனுக்குப் புடிக்கல."

என்ன செய்தார் என்று நான் கேட்கவில்லை. எனக்குத்தான் எல்லாம் தெரியுமே. நைனாவே சொன்னார்.

நடந்தது இதுதான். அந்த ஞாயிற்றுக்கிழமை வண்டியை ஓட்டிவந்தவர் அண்ணாத்தே. நைனா பக்கத்து சீட்டில் இருந்தார். பிரேக்கை மிதிக்கவேண்டிய இடத்தில் அண்ணாத்தே பதறிப்போய் வேறெதையோ மிதித்தார். நான் மணலில் போய் விழுந்தேன். வண்டி கொஞ்சதூரம் போய் நின்றது. அவர் கீழே இறங்கினார். நான் கத்திக்கொண்டிருந்தேன். அவர் நைனாவின் கையைப் பிடித்து இழுத்து, ஸ்டியரிங்குக்கு முன்னால் நகர்த்தி உட்காரவைத்தார். கதவைச் சாத்தினார். ரோட்டில் யாராவது வருகிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்தார். யாரும் வரவில்லை. அதற்குப் பிறகுதான் என்னைத் தூக்க வந்தார்.